நாற்பது வயது நாச்சாயி

வருங்காலச் சம்மத வாரியத்தின் கோவை அலுவலகத்துக்குச் சீர்த்தட்டுகளோடு வந்து இறங்கிய முதல் ஆள் பிரணவ்தான்.

தேங்காய், பழம், கல்கண்டு, பட்டுப்பாவாடை எல்லாம் முறைப்படி இருந்தன. ஒரு தட்டில் மட்டும் இரும்புச்சத்து டானிக் பாட்டிலுக்குப் பொட்டு வைத்து நிறுத்தியிருந்தார். அது அவருடைய சொந்த யோசனை. பின்னால் வந்த வண்டியில் ஒரு பேனர். ‘அண்ணனுக்கு மஜ்ஜை தரும் மருமகள் நாச்சாயியை வாழ்த்த வருகை தரும் தாய்மாமன்’ என்று எழுதி, எட்டு வயது நாச்சாயியை ஓரத்தில் ஸ்டாம்பு அளவிலும் தாய்மாமனை நடுவில் ஆளுயரத்திலும் போட்டிருந்தார்கள்.

“கல்யாண மண்டபம் அடுத்த பில்டிங்குங்க” என்றான் காவலாளி.

பிரணவைச் சொல்லிக் குற்றமில்லை. சட்டம் அப்படி. பன்னிரண்டு வயதுக்குக் கீழான பிள்ளையின் உடம்பிலிருந்து இன்னொருவருக்கு எதையாவது எடுக்க வேண்டுமானால் பெற்றோர் சம்மதம் போதாது. ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இன்னொரு பிள்ளையின் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். பிள்ளையின் சம்மதமும் செல்லாது, அதற்கு விவரம் பத்தாது. ஆகவே அந்தப் பிள்ளை வளர்ந்து நாற்பது வயதில் என்ன சொல்லுமோ அதைக் கேட்பதே நியாயம் என்று அறிஞர்கள் கூடி முடிவு செய்தார்கள். நாற்பது வயது ஆளை இன்றைக்கே உண்டாக்கிப் பேச வைக்க மெஷின் வந்துவிட்டது. மெஷின் வந்துவிட்டால் அதற்கொரு சட்டம் வராமல் இருக்குமா?

சட்டத்தில் இன்னொரு விதி. பெற்றோரும் அல்லாத, டாக்டரும் அல்லாத ஒரு பெரியவர் பிள்ளையின் பக்கம் நின்று கடைசிக் கையெழுத்துப் போட வேண்டும். அதைத் தமிழ்ப்படுத்திய பெருமகனார் ரொம்ப யோசிக்காமல் ‘தாய்மாமன்’ என்று போட்டுவிட்டார். மடியில் உட்கார வைத்துக் காது குத்துகிறவன் மஜ்ஜைக்கும் உட்கார வேண்டியதுதானே. பிரணவ் அப்படித்தான் புரிந்துகொண்டார். டைல்ஸ் கடையை மூடிவிட்டு, சலவை வேட்டியில் வந்துவிட்டார்.

அக்கா ஹர்ஷிதாவும் மச்சான் ரித்திக்கும் நாச்சாயியை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு வரவேற்பறையில் இருந்தார்கள். தங்கள் பெயர்களைச் சுமந்து அலுத்துப்போன அந்தத் தலைமுறை, பிள்ளைகளுக்குச் செங்கோடன், நாச்சாயி என்று பழைய பெயர்களைத் தேடி வைத்துப் பெருமைப்பட்டுக்கொண்ட காலம் அது. செங்கோடனுக்குப் பதினைந்து வயது. எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற வேலை நின்றுபோய், ஒரு வருஷமாக ஆஸ்பத்திரியும் வீடுமாக இருக்கிறான். தங்கச்சியின் மஜ்ஜை அவனுக்கு அச்சாகப் பொருந்துகிறது. வேறு யாருடையதும் பொருந்தவில்லை.

“தட்டெல்லாம் எதுக்குடா தம்பி?” என்றாள் அக்கா. அவள் குரல் மிருதுவாக இருந்தது. பிரணவுக்கு அது வினோதமாகப் பட்டது. ஆனால் அப்போதைக்குப் பேனரை எங்கே கட்டுவது என்பதுதான் அவர் கவலை.

உள்ளேயிருந்து முனைவர் அத்வைத் வந்தார். சட்டைப்பையில் ‘எதிர்காலத் தூதர்’ என்ற வில்லை. பிறந்ததிலிருந்தே மேடையில் நிற்கிறவர் போல் பேசினார்.

“வாருங்கள் திரு. பிரணவ். தாங்கள் இன்று சந்திக்கப்போவது வெறும் பிம்பமன்று. நாச்சாயியின் முதிர்ந்த மனச்சான்று. ஒரு மண்டல காலம் இல்லத்தின் பேச்சையும் மூச்சையும் கேட்டு, ஆய்ந்து, உய்த்துணர்ந்து உருவாக்கியிருக்கிறோம்.”

“ஜாதகம் கணிக்கிற மாதிரிங்களா?”

“ஐயோ, அது மூடநம்பிக்கை.”

“செரிங்க” என்றார் பிரணவ். வித்தியாசம் புரியவில்லை. இது கரண்டில் ஓடுகிறது போலும் என்று எடுத்துக்கொண்டார்.

கேட்பதற்கென்று வாரியம் வீட்டுச் சுவரில் ஒட்டிவைத்த கருவிக்கு நீளமான அரசாங்கப் பெயர் ஒன்று உண்டு. ஊரில் எல்லாரும் பல்லி என்றுதான் சொன்னார்கள். அளவு அதுதான், நிறமும் அதுதான். கேட்டதைப் பதிந்துகொள்ளும்போது ‘த்ச்’ என்று ஒரு சத்தமும் போடும்.

கண்ணாடிச் சுவர் வெளிச்சமானது. அதற்குப் பின்னால் ஒரு பெண் கைகூப்பி நின்றாள்.

எண்ணெய் வைத்து வாரிய நீளச் சடை. மல்லிகை. நெற்றி நிறைய விபூதி. நாச்சாயியின் கண்களும் அக்காவின் தாடையும் அப்படியே இருந்தன. பிரணவும் கைகூப்பிவிட்டார்.

“வணக்கம், மாமா அவர்களே” என்றாள் நாற்பது வயது நாச்சாயி.

பிரணவ் திடுக்கிட்டுப் பின்னால் பார்த்தார். அந்தக் குடும்பத்தில் ‘அவர்களே’ என்று யாரும் யாரையும் சொன்னதில்லை.

“சாமி, அண்ணனுக்கு மஜ்ஜை எடுக்கறதுல உனக்குச் சம்மதந்தானா?”

“மஜ்ஜை என்ன, அண்ணன் வாழ்வதற்காக இந்த உடம்பு தேய்வதே என் பிறவிப் பயன்.”

முனைவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். பிரணவுக்கு எதுவோ உறுத்தியது. கடையில் ஒரு டைல்ஸைத் தட்டிப் பார்த்தால் உள்ளே பொள்ளலாகச் சத்தம் வருமே, அந்த மாதிரி. சும்மா கேட்டு வைப்போம் என்று கேட்டார்.

“ஒரு கிட்னி வேணும்னா?”

“தருவேன்.”

“கல்லீரல்ல பாதி?”

“மகிழ்ந்து தருவேன்.”

“கண்ணு?”

“எந்தக் கண், மாமா அவர்களே?”

“நிலைச் சம்மதம்!” என்று முனைவர் எழுந்தே நின்றுவிட்டார். “அரிதிலும் அரிது! இனி அண்ணனுக்கு எப்போது எது தேவைப்பட்டாலும் மறுபடி கேட்க வேண்டியதில்லை. தாங்கள் கைரேகை வைத்தால் போதும்.”

கைரேகைப் பலகையை நீட்டினார். பிரணவின் கட்டைவிரல் பாதிவழியில் நின்றது. பேனரில் சிரித்துக்கொண்டிருந்த ஆள் இதையெல்லாம் எதிர்பார்க்கவில்லை.

“டாக்டரைப் பாத்துட்டு வந்துர்றனுங்க” என்றார்.

டாக்டர் நஸ்ரீன் பக்கத்துக் கட்டடத்தில், ஆஸ்பத்திரியில் இருந்தார். சுற்றி வளைக்காமல் பேசுகிற அம்மாள். மச்சான் ரித்திக்கும் கூட வந்தார். அவருக்கு போர்வெல் ரிக் தொழில். உலகத்தில் எதுவானாலும் அவருக்கு அடிக்கணக்கில்தான் விளங்கும்.

“மயக்கம் கொடுத்து, இடுப்பெலும்புல ஊசி போட்டு உறிஞ்சி எடுப்போம்” என்றார் டாக்டர். “நாலஞ்சு நாள் இடுப்பு வலிக்கும். ரத்தம் கொஞ்சம் குறையும், டானிக் கொடுப்போம். மயக்க மருந்துல எப்பவுமே ஒரு சின்ன ஆபத்து உண்டு. இல்லைன்னு சொன்னா அது பொய். ஆனா ரொம்பச் சின்னது.”

“எத்தனை அடி போகுமுங்க?” என்றார் மச்சான்.

“அடி இல்லைங்க. அங்குலத்துல.”

“அப்புறம் வத்திடுமா?”

“வத்தாது. சில வாரத்துல மறுபடி ஊறிடும்.”

மச்சான் முகம் மலர்ந்தது. “அப்ப வேணுங்கறப்ப அங்கயே போட்டுக்கலாம்.”

அதை அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தண்ணீர் வந்த இடத்தில் மறுபடி போடுவதுதான் அவர் தொழில் தர்மம். பிரணவ் நாற்காலியை டாக்டர் பக்கம் இழுத்துப் போட்டார்.

“ஒரு தடவைல போதுங்களா டாக்டர்?”

“குழந்தை எடைக்குத் தக்கபடிதான் எடுக்க முடியும். அண்ணன் அவளைப்போல ரெண்டு மடங்குக்கும் மேல இருக்கான். அளவைத் தாண்ட நான் மாட்டேன். ஒரு தடவைல பிடிக்கலாம். பிடிக்கலைன்னா மறுபடி கேக்கற மாதிரி வரலாம். கேக்கறது வேற, கேக்காம எடுக்கறது வேற. இந்த நிலைச் சம்மதம்னு ஒண்ணு வந்ததுல இருந்து எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை.”

“நான் கையெழுத்துப் போடலைன்னா?”

“புதுசா நாப்பத்தெட்டு நாள் கேட்டு, புது ஆளைப் பண்ணணும். செங்கோடனுக்கு அவ்வளவு நாள் கிடையாதுங்க.”

ஒரு பக்கம் பையன், ஒரு பக்கம் பெண். சீர்த்தட்டோடு வந்த மனிதர் நடுவில் நின்றார். வாரியத்துக்குத் திரும்பியபோது முனைவர் ஒரே ஒரு சந்து காட்டினார்: பிள்ளையின் பக்கம் நிற்கும் தாய்மாமன் விரும்பினால் ஒரு நாள் கூடுதலாகப் பல்லியைக் கேட்க வைக்கலாம். இதுவரை யாரும் விரும்பியதில்லை என்பதையும் பெருமையோடு சொன்னார்.

அன்றைக்கே பிரணவ் அக்கா வீட்டுக்குத் திருச்செங்கோடு போனார். நாச்சாயி அவரோடு வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தாள். அவளுக்கு இரட்டைச் சடை. ஒன்று காதுக்கு மேலே, மற்றது காதுக்குக் கீழே.

“சடை யாரு சாமி பின்னிவிட்டது?”

“நாந்தான்.”

“அண்ணனுக்குக் கொடுக்கறதுல உனக்குச் சம்மதமா?”

“ம்.” அவள் ஜன்னலைப் பார்த்தாள். “எப்பயோ சொல்லிருப்பேன். யாரும் கேக்கல.”

அந்த ‘ம்’ சட்டப்படி செல்லாது. அது தெரிந்தும் பிரணவ் அதை மனசில் பத்திரப்படுத்திக்கொண்டார்.

வீட்டில் பல்லியைத் தேடினார். கூடத்தில் இல்லை, சமையலறையில் இல்லை. பூஜை அறையில், முருகன் படத்துக்குப் பக்கத்தில், பொட்டு வைத்து இருந்தது.

“இங்க யாரு வெச்சது?”

“நாந்தான் மாப்ள” என்றார் மச்சான். “பல்லி இல்லீங்களா. நல்ல இடத்துல இருந்தா பலன் நல்லபடியா வருமேன்னு. உங்க அக்காளும் ஒரு மண்டலம் சத்தம் போடாம விரதம் மாதிரி இருந்தா. யாராச்சும் ஏதாச்சும் பேசுனா உடனே த்ச்னுச்சு. சகுனம் சரியாத்தான் இருந்துச்சுங்க.”

பிரணவுக்கு விளங்கிவிட்டது. அந்த மெஷின் ஒரு மண்டலமும் கேட்டது தேவாரத்தையும் கற்பூரத் தட்டின் சத்தத்தையும் ‘சாமி காப்பாத்து’வையும்தான். அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணைத்தான் அது செய்து காட்டியிருக்கிறது. அந்த வீடு உலகத்தில் கிடையாது. பெண் பார்க்க வந்தவர்களிடம் காட்டுவது போல ஒரு வீட்டைக் காட்டி, அதிலிருந்து ஒரு பெண்ணையும் வாங்கி வைத்திருக்கிறார்கள். கண் கேட்டால் எந்தக் கண் என்று கேட்கிற பெண்ணை.

பல்லியைப் பிடுங்கிச் சாப்பாட்டு மேஜைக்கு மேலே ஒட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. இனி இந்த வீடு இந்த வீடாக ஆக வேண்டும். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, அறியாதவர் போல ஆரம்பித்தார்.

“ஏனக்கா, நாச்சாயி பொறந்த நாளு போன மாசம் வந்துதே. என்ன பண்ணுனீங்க?”

பல்லியைப் பார்த்து அக்கா சிரித்தாள். “அதுக்கென்ன தம்பி, மனசார வாழ்த்துனோம்.”

“யாரு வாழ்த்துனாங்க?” என்றாள் நாச்சாயி.

“சாப்பிடு கண்ணு.”

“யாரும்மா வாழ்த்துனாங்க?”

“இவனுக்கு ரத்தம் ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரில கெடந்தேன், கேக்கு வெட்டச் சொல்றயா?” அக்காவின் விரதம் அத்தோடு முடிந்தது. ஹர்ஷிதா குரலெடுத்தால் பைபாஸில் போகிற லாரி பிரேக் போடும் என்று ஊரில் பேச்சு. “ஒரு வருஷமா ஒரு ராத்திரி ஒழுங்காத் தூங்கிருப்பனா? இவ அப்பன் ரிக்கு ரிக்குன்னு ஆந்திராவுல சுத்தறாரு. எல்லாத்துக்கும் நானா?”

“நாஞ் சுத்தலைன்னா வைத்தியம் எப்படி நடக்கும்? அதச் சொல்லு!” என்றார் மச்சான்.

“அம்மா, விடும்மா, தலை வலிக்குது” என்றான் செங்கோடன்.

“பாத்தியா? பையனுக்கு வலிக்குது. அடியே, எந்திரிச்சு அண்ணனுக்குத் தண்ணி எடுத்துட்டு வா!”

நாச்சாயி எழுந்தாள். தட்டில் சோறு அப்படியே இருந்தது. தண்ணீர்ச் சொம்பை அண்ணன் முன்னால் நங்கென்று வைத்தாள்.

“எல்லாம் அண்ணனுக்குத்தான். தண்ணியும் அண்ணனுக்குத்தான். எனக்கும் சீக்கு வரட்டும், அப்பத்தான் பாப்பீங்க!”

செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டான். அவன்தான் மெதுவாகச் சொன்னான்: “மாமா, நீங்களுந்தான் பொறந்த நாளுக்கு வரல.”

பிரணவின் கையில் இருந்த அப்பளம் நொறுங்கியது. த்ச், என்றது பல்லி.

இரண்டாவது முறை கண்ணாடிச் சுவர் வெளிச்சமானபோது அதற்குப் பின்னால் வேறொருத்தி இருந்தாள். நிற்கவில்லை, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு. எட்டு வயது நாச்சாயியின் நெற்றியில் அப்படி ஒன்று கிடையாது.

“யாரு, மாமாவா? பேனர்ல இருந்து எறங்கி வந்துட்டீங்களா?”

பிரணவுக்கு அவளை உடனே பிடித்துவிட்டது. அதுதான் சங்கடம்.

“சடை என்னாச்சு சாமி?”

“பின்னறதுக்கு ஆளில்ல. வெட்டிட்டேன்.”

முனைவர் முன்னால் வந்தார். “அம்மையீர், தங்கள் உடன்பிறந்தாருக்கு மஜ்ஜை வழங்கத் தாங்கள் இசைகிறீர்களா?”

“இல்ல.”

பிரணவ் முனைவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். உண்மையைக் கொண்டுவருகிறேன் என்று கிளம்பி, பையனின் கழுத்தில் அல்லவா கயிறு போட்டுவிட்டோம்?

“சாமி, அவன் உங்க அண்ணன்…”

“தெரியும் மாமா. எனக்கு அவம்மேல கோவமில்ல.”

“வலிக்கும்னு பயமா?”

“வலி ஒரு வாரம். அதுக்கென்ன. நான் கண்ணு முழிச்சப்ப ரூம்ல ஒருத்தரும் இல்ல. எல்லாரும் அஞ்சாவது மாடில. அங்க அண்ணனுக்கு ஏறிட்டிருக்கு, நல்ல நேரம், எல்லாரும் போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க. எனக்குத் தாகம். கூப்பிட்டேன். அப்புறம் நானே தண்ணி எடுக்க எறங்குனேன்.” புருவத்தைத் தொட்டுக் காட்டினாள். “மயக்கம் தெளியாம எறங்குனா என்னாகும்? கட்டில் கம்பி. இது ஆறிடுச்சு. அதுக்கப்புறம் நான் யாரையும் கூப்பிடறதில்ல. அதுதான் இன்னும் ஆறல.”

“கவனிக்க” என்று முனைவர் பிரணவின் காதில் சொன்னார். “இவை நினைவுகள் அல்ல, சாத்தியங்கள். நடக்கவில்லை.”

“அதான் இனிமே நடக்கும்னு சொல்றாளே!”

“நடக்கக்கூடும்.”

“அப்ப இவ தழும்பு யாருது?”

முனைவரின் பாடத்திட்டத்தில் அந்தக் கேள்வி இல்லை. பிரணவ் கண்ணாடிக்கு அருகில் போனார்.

“சாமி, நான் இருப்பேன். உங்கூடயே அந்த ரூம்ல இருப்பேன். நீ முழிக்கறப்ப நான் இருப்பேன்.”

அவள் சிரித்தாள். அக்காவின் சிரிப்பு. “நீங்களா? எந்த விசேஷத்துல கடைசி வரைக்கும் இருந்திருக்கீங்க? பந்தி முடிஞ்சா செருப்பத் தேடற ஆளு நீங்க.”

மறுத்துச் சொல்ல ஒரு விசேஷத்தையாவது ஞாபகப்படுத்திப் பார்த்தார் பிரணவ். ஒன்றும் வரவில்லை. எல்லாக் கல்யாணத்திலும் அவர் ஞாபகத்தில் இருந்தது சாப்பாடும் வாசலும்தான்.

“சின்னவ என்ன சொன்னா?” என்று கேட்டாள் திடீரென்று.

“‘ம்’ங்கறா. எப்பயோ சொல்லிருப்பேங்கறா.”

“சொல்லுவா. அவளுக்கு அண்ணன்னா உசுரு. எனக்கும் இருந்துச்சு.” புருவத் தழும்பை ஒருமுறை தடவினாள். பிறகு முனைவரைப் பார்த்துச் சொன்னாள்: “எழுதிக்குங்க சார், அவளுக்காகச் சம்மதம். இந்த ஒரே தடவ. அடுத்த தடவ வேணும்னா அடுத்த தடவ கேக்கணும், அவளையே கேக்கணும். மாமா ரூம விட்டுப் போகக்கூடாது. போனா சம்மதம் ரத்து.”

“போன பிறகு ரத்து செய்து பயனென்ன அம்மையீர்? அதற்குள் மஜ்ஜை உள்ளே சென்றிருக்கும்.”

“அதேதான். நம்பித்தான் கொடுக்கறேன். எட்டு வயசுலயும் அப்படித்தான், நாப்பதுலயும் அப்படித்தான்.”

சம்மதத்தில் நிபந்தனை போட மெஷினில் இடமில்லை என்று முனைவர் ரொம்ப நேரம் குழம்பினார். கடைசியில் ‘இதர’ என்ற இடத்தில் தாய்மாமனை ஏற்றினார். பிரணவ் கட்டைவிரலை வைத்தார்.

அந்த வாரத்திலேயே மூன்றாவது மாடியில் நாச்சாயிக்கு மஜ்ஜை எடுத்தார்கள். ஒன்றும் தவறாக நடக்கவில்லை. டாக்டர் நஸ்ரீன் வெளியே வந்து, “அளவோட எடுத்துட்டேன், குழந்தை நல்லா இருக்கா, கொஞ்ச நேரத்துல முழிப்பா, எந்திரிக்க மட்டும் விடாதீங்க” என்று சொல்லிவிட்டு மஜ்ஜைப் பையோடு மாடிக்குப் போனார். பின்னாலேயே அக்காவும் மச்சானும் போனார்கள். அக்கா மட்டும் ஒருமுறை திரும்பி வந்து, மகளின் நெற்றியைத் தொட்டுவிட்டு, “பாத்துக்கடா” என்று ஓடினாள்.

அறையில் பிரணவும் தூங்குகிற நாச்சாயியும் இருந்தார்கள். நேற்று அவரே பின்னிவிட்ட சடை, வீடியோவைப் பார்த்துப் பின்னியது, தேங்காய்நார் கயிறு மாதிரி தலையணையில் கிடந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தியாகம் என்பது இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது, முதுகு வலிக்கும்.

போன் அடித்தது.

“டேய், ஏத்த ஆரம்பிக்கறாங்கடா!” அக்கா அழுதாள், சிரித்தாள். “நல்ல நேரம் முடியறதுக்குள்ள வாடா. செங்கோடன் மாமா எங்கங்கறான். தாய்மாமன் இல்லாம போட்டோவா? ஒரே நிமிசம்!”

“நாச்சாயி…”

“அவ தூங்கிட்டுத்தானே இருக்கா. ஒரு நிமிசம்டா!”

பிரணவ் நாச்சாயியைப் பார்த்தார். ஆழ்ந்த மூச்சு. அஞ்சாவது மாடி, லிப்டில் போனால் எவ்வளவு நேரம்? கண்ணாடிச் சுவரில் இருந்தவள் ஒரு சாத்தியம். இவன் நிஜப் பையன். பிழைக்கப்போகிறவன், மாமா எங்கே என்கிறான். அவர் எழுந்தார். எழுந்தபோது இது சரி என்றே பட்டது, அதுதான் விசேஷம்.

செருப்பைக் காணோம்.

கட்டிலுக்குக் கீழே பார்த்தார். கதவோரம் பார்த்தார். பீரோவுக்குப் பின்னால் பார்த்தார். தரை பினாயில் ஈரம். சலவை வேட்டியோடு வெறுங்காலில் நிற்கும் தாய்மாமன் எந்த போட்டோவிலும் கிடையாது. “எவன் எடுத்தான்?” என்று முனகிக்கொண்டு மறுபடி குனிந்தபோது, மேலே கட்டில் கிரீச்சிட்டது.

நாச்சாயி கண்ணைத் திறக்காமலே ஒரு காலைக் கீழே தொங்கவிட்டிருந்தாள். “தண்ணி” என்றாள். உடம்பு சரிந்தது. பக்கவாட்டுக் கம்பிக்கும் அவள் நெற்றிக்கும் நடுவில் பிரணவின் உள்ளங்கை போய்ச் சேர்ந்தது. வலி பளீரென்று முழங்கை வரை ஏறியது.

“மாமா?”

“இங்கதான் சாமி இருக்கேன்.”

ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தார். போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

சாயங்காலம் முனைவர் அத்வைத் கோப்பை முடித்துவைக்க வந்தார். கூடவே ஒரு சின்னச் சொற்பொழிவையும் கொண்டு வந்திருந்தார். “திரு. பிரணவ், தாங்கள் ஒரு சொல்லைக் காத்தீர்கள். தங்களைப் போன்றோரால்தான் சட்டம் உயிர்பெறுகிறது.” பிரணவ் வீங்கிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்று நன்றாகக் கேட்கும்படி சொன்னார். பிறகு தயங்கினார்.

“சார், அந்தப் பொண்ணை இன்னொரு வாட்டி பாக்க முடியுங்களா? நான் இருந்தேன்னு சொல்லணும்.”

முனைவர் கையிலிருந்த பலகையைத் தட்டினார். முகம் மாறியது. மறுபடி தட்டினார்.

“வரவில்லை.”

“ரிப்பேருங்களா?”

“இல்லை. இன்று நடந்ததைச் சேர்த்துக் கணக்கிடுகிறது. அப்படி ஒருத்தி உருவாகும் வாய்ப்பு இனி மிகக் குறைவு என்று சொல்கிறது. அவரை எழுப்ப இயலாது.”

“செத்துட்டாங்கறீங்களா?”

“பிறந்தால்தானே இறப்பதற்கு…” முனைவருக்கே வாக்கியம் முடியவில்லை. முதல் தடவையாக அவர் மேடையில்லாத மனிதர் போல் பேசினார். “எனக்கும் புரியலைங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். அந்தத் தழும்பு இல்லை, அந்தத் தனிமை இல்லை. ஆனாலும் பிரணவுக்கு நெஞ்சில் எதுவோ செத்த வீட்டுக்குப் போய்வந்த மாதிரி இருந்தது. அவரைச் சரியாக எடைபோட்டவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். அவளிடம், ‘பாத்தியா, நான் இருந்தேன்’ என்று ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. மேலே செங்கோடனுக்கு மஜ்ஜை பிடிக்குமா என்று தெரிய இன்னும் சில வாரம் ஆகும் என்றார்கள். எதுவுமே தெளிவாகத் தெரியாத ஒரு நாள். டீ குடிக்கலாம் என்று எழுந்து, பழக்கத்தில் கட்டிலுக்குக் கீழே பார்த்தார்.

“செருப்பத் தேடறீங்களா மாமா?” என்றாள் நாச்சாயி.

பிரணவ் கட்டிலுக்குக் கீழிருந்து தலையைத் தூக்கினார். அதே குரல். சின்ன வாயிலிருந்து.

“நீ எப்படி சாமி…”

“அது இங்க இல்ல. காலைலயே வார்டு ஆயாக்கிட்ட கொடுத்து ஒளிச்சு வெக்கச் சொல்லிட்டேன்.” கண்கள் மறுபடி சொருகின. “இல்லைன்னா நீங்க போயிருவீங்க.”

பிரணவ் வெறுங்காலோடு நின்றார். இன்று மதியம் தன்னை அறையில் நிறுத்தியது தன் வாக்கா, இல்லை இவளுடைய வேலையா என்று யோசித்துப் பார்த்தார். யோசிக்க யோசிக்கப் பயமாக இருந்தது. டீ வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார்.

“எப்ப சாமி திருப்பித் தருவ?”

அதற்குள் தூங்கிவிட்டாள். அவருடைய வீங்கிய கையின் ஒரு விரலை மட்டும் பிடித்தபடி.